வெல்பீயிங்குக்கு எந்தச் சொல்? ‘வாழ்நலம்’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

நான்கு நாட்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். ‘வெல்பீயிங்’ (well-being, ஒருவரின் வாழ்க்கை நன்றாக இருக்கும் நிலை) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்வி எனக்கு வேலையிலேயே வந்து சேர்ந்தது. வேகமாக வளர்ந்துவரும் ஒரு நகரத்தில் வசிப்பவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்கும் ஆய்வு அது. அதன் கேள்வித்தாளையும் அறிக்கைக்கான சொற்பட்டியலையும் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. ‘பர்சனல் வெல்பீயிங்’, ‘கம்யூனிட்டி வெல்பீயிங்’ இரண்டும் முதல் பக்கத்திலேயே நின்றன. அந்த இரண்டைத் தாண்ட மூன்று வாரம் ஆனது.

இழையில் வந்த கருத்துகளை எடுத்துக்கொண்டே என் பதிலைச் சொல்கிறேன்.

> நல்வாழ்வு என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘மக்கள் நல்வாழ்வுத் துறை’ என்றால் மருத்துவமனையும் தடுப்பூசியும்தான் மனதில் வரும். ‘நலவாழ்வு’ என்று திருப்பிப் போட்டாலும் ‘நலவாழ்வு மையம்’ வந்து நிற்கிறது, அதுவும் மருத்துவம். இதில் என்ன சிக்கல் என்று பார்க்க ஒரே ஒரு வாக்கியம் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1946இல் எழுதப்பட்டு 1948இல் நடைமுறைக்கு வந்தது. ‘ஹெல்த்’ என்பது நோயோ தளர்ச்சியோ இல்லாதிருப்பது மட்டுமல்ல, உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையான ‘வெல்பீயிங்’ என்று அது வரையறுக்கிறது. ஹெல்த்துக்கும் நல்வாழ்வு, வெல்பீயிங்குக்கும் நல்வாழ்வு என்றால் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது. நான் எழுதிப் பார்த்தேன், “நல்வாழ்வு என்பது முழுமையான நல்வாழ்வு” என்றுதான் வந்தது.

> நலம் அல்லது நலன் போதாதா? சின்னச் சொல், பழைய சொல்.

எனக்கும் முதலில் அந்த ஆசைதான். தனியாக நிற்கும்போது அழகான சொல். முன்னால் ஒன்றைச் சேர்த்தால்தான் வேறு பொருளுக்குப் போய்விடுகிறது. ஒருவருடைய சொந்த வெல்பீயிங்கைத் ‘தன்னலம்’ என்று எழுத முடியுமா? எழுதினால் “உங்கள் தன்னலம் 10க்கு எவ்வளவு?” என்று கேட்பதாக ஆகும். ‘பொதுநலம்’ என்றால் நீதிமன்ற வழக்கு. ‘சமூக நலம்’ என்றால் உதவித்தொகை வழங்கும் துறை. ‘குடும்ப நலம்’ என்றால் கருத்தடை. ‘தனிநபர் நலன்’ என்பதை ஒருவருக்குச் சாதகமானது எது என்ற பொருளில்தான் நாம் வாசிக்கிறோம். ஒரு மனிதர் தம் வாழ்க்கையை எப்படி உணர்கிறார் என்பது அதில் வருவதில்லை.

> மகிழ்ச்சி என்று நேரடியாகச் சொல்லிவிடலாம்.

இதை மட்டும் நான் உறுதியாக மறுக்கிறேன். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் நான்கு கேள்விகளை மக்களிடம் கேட்டுவருகிறது. வாழ்க்கையில் எவ்வளவு நிறைவு, செய்கிற காரியங்கள் எவ்வளவு பயனுள்ளவையாகத் தோன்றுகின்றன, நேற்று எவ்வளவு மகிழ்ச்சி, நேற்று எவ்வளவு பதற்றம். நான்கில் ஒன்றுதான் மகிழ்ச்சி. பெயரிலேயே மகிழ்ச்சியை வைத்திருக்கும் பூட்டானின் மொத்த தேசிய மகிழ்ச்சிக் குறியீட்டெண்ணில்கூட 9 களங்கள், 33 குறிகாட்டிகள் இருக்கின்றன. நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம், சுற்றுச்சூழல், பண்பாடு, நிர்வாகம் எல்லாம் அதில் அடக்கம். நோயாளித் தாயைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் மகளிடம் நேற்று மகிழ்ச்சியா என்று கேட்டால் இல்லை என்பார். செய்வது அர்த்தமுள்ளதா என்றால் 10 போடுவார். இரண்டையும் ஏற்கிற சொல் நமக்கு வேண்டும்.

சரி, என் முன்மொழிவு: வாழ்நலம்.

வாழ்நாள், வாழ்நிலை போல இதுவும் வினைத்தொகை. வாய்க்குத் தடையில்லை. உடல்நலம், மனநலம் என்ற வரிசையில் மூன்றாவதாக வந்து உட்காருகிறது. பின்னொட்டுச் சேர்ப்பதும் எளிது: வாழ்நல ஆய்வு, வாழ்நல அளவீடு, வாழ்நலக் குறியீட்டெண். அந்த 1946 வாக்கியத்தையும் இப்போது எழுதிவிடலாம்: “உடல்நலம் என்பது நோயோ தளர்ச்சியோ இல்லாமை மட்டுமல்ல, உடல், மன, சமூக வாழ்நலத்தின் முழுமை.” ஒரு கலைச்சொல்லை ஒத்துக்கொள்ளும் முன் அதை நான்கு கடினமான வாக்கியங்களில் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். இது நான்கிலும் தேறியது.

‘இண்டெக்ஸ்’ என்பதற்குக் ‘குறியீடு’ மட்டும் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே. குறியீடு என்றால் அடையாளம், நிரலாக்கத்தில் இன்னொன்று, கவிதையில் இன்னொன்று. விலைவாசிக்குக் ‘குறியீட்டெண்’ என்று பல காலமாகப் புழங்குகிறோம், அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாம்.

இனி, எனக்கு உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுத்த பகுதி.

> கம்யூனிட்டிக்கு சமூகம் இருக்கவே இருக்கிறது, அதில் என்ன விவாதம்?

நானும் அப்படித்தான் நினைத்து ‘சமூகம்’ என்று போட்டிருந்தேன். தனியாள் வாழ்நலத்துக்கு ஆஸ்திரேலியாவில் உருவான ஓர் அளவீட்டில் ஏழு கேள்விகள் உண்டு: வாழ்க்கைத் தரம், உடல்நலம், வாழ்வில் அடைந்தவை, உறவுகள், பாதுகாப்பு, வாழும் இடத்து மக்களோடு ஒட்டுதல், எதிர்காலப் பாதுகாப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண். சராசரியை 100க்கு மாற்றிச் சொல்வார்கள். ஆறாவது கேள்வியை நான் இப்படித் தமிழாக்கியிருந்தேன்: “உங்கள் சமூகத்தின் ஓர் அங்கமாக உணர்வதில் எவ்வளவு நிறைவாக இருக்கிறீர்கள்?”

முன்சோதனைக்காகக் களப்பணியாளருடன் நானும் போயிருந்தேன். புதிதாகக் கட்டிய அடுக்ககம், மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண் குடிவந்து ஐந்து மாதம். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் நின்றபடியே, குரலை இறக்கிப் பதில் சொன்னார். ஆறாவது கேள்விக்குக் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “எங்க சமூகத்துல எல்லாரும் ஒத்துமையாத்தான் இருக்கோம், ஒன்பது போட்டுக்கங்க” என்றார். பேச்சுவாக்கில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். “பேரு தெரியாதுங்க. கதவு திறந்திருந்தா சிரிப்போம், அவ்வளவுதான்.”

அந்த ஒன்பது எங்கோ இருக்கிற அவருடைய சாதியாருக்கு விழுந்த மதிப்பெண். இந்த நகரத்தின் கணக்கில் போய்ச் சேர இருந்தது. நாளிதழ்களில் ‘அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்’ என்று படித்துப் படித்து நம் காதுக்கு அந்தச் சொல்லின் முதல் பொருள் அதுவாகவே ஆகிவிட்டது. இலங்கைத் தமிழிலும் ‘தமிழ்ச் சமூகம்’, ‘முஸ்லிம் சமூகம்’ என்று இனத்தைத்தான் முதலில் குறிக்கிறது. ஒரே தெருவில் வசிப்பதால் மட்டுமே சேர்ந்தவர்கள் என்ற பொருளை அந்தச் சொல் தருவதில்லை. எத்தனை மொழிபெயர்த்த கேள்வித்தாள்களில் இந்தப் பிழை கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கிறதோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எண் ஒழுங்காக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

வேறு சொல் எது? ‘சமுதாயம்’ சற்றுத் தேவலை, சமுதாயக் கூடம், சமுதாய வானொலி என்று பொதுவாகப் புழங்குகிறது. ஆனால் முழுவதும் தப்பவில்லை. ‘அக்கம்பக்கம்’ நன்றாக இருக்கிறது, நான்கு வீடுகளோடு நின்றுவிடுகிறது. அப்புறம் ‘ஊர்’ வந்தது.

‘நகரத்தைப் போய் ஊர் என்பதா’ என்று ஒரு நண்பர் கேட்பார் என்று தெரியும். எவ்வளவு பெரிய நகரத்திலிருந்து வந்தவரிடமும் “எந்த ஊர் நீங்க?” என்றுதான் கேட்கிறோம், எந்த நகரம் என்று யாரும் கேட்பதில்லை. ஊர் என்பது இடமும் மனிதர்களும் சேர்ந்தது. “ஊர் என்ன சொல்லும்” என்கிறபோது அது ஆட்கள், “ஊர் போய்ச் சேர்ந்தேன்” என்கிறபோது இடம். ‘கம்யூனிட்டி’ இந்த அறிக்கையில் செய்யும் வேலையும் அதே இரட்டை வேலைதான். ஆகவே ‘கம்யூனிட்டி வெல்பீயிங்’ என்பதற்கு ஊர் வாழ்நலம் என்கிறேன். ‘பர்சனல் வெல்பீயிங்’ என்பதற்குத் தனியாள் வாழ்நலம்.

ஆனால் கேள்விக்குள் அந்தச் சொல்லை அப்படியே வைக்க முடியாது. பத்து வருடம் ஒரு நகரத்தில் இருந்தவரும் விடுமுறை வந்தால் “ஊருக்குப் போறேன்” என்கிறார். வேலைக்காக வந்தவர்களால் வளரும் நகரத்தில் பெரும்பாலோருக்கு ஊர் வேறெங்கோதான். “உங்கள் ஊரில் எவ்வளவு நிறைவு?” என்று கேட்டால் பழைய பிழை வேறு வாசல் வழியாக வந்துவிடும். அறிக்கைக்கான சொல்லும் வாசலில் கேட்கும் சொல்லும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்? கேள்வியில் “இப்போது நீங்கள் குடியிருக்கும் இந்தப் பகுதி மக்களோடு” என்று மாற்றினோம். அதோடு ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்க்கச் சொல்லிப் போராடினேன்: “இந்த இடத்தை ‘எங்க ஊர்’ என்று சொல்வீர்களா?” ஒட்டுதலை அளக்க இதைவிட நேரான கேள்வி தமிழில் எனக்குத் தெரியவில்லை.

அதே பெண்ணிடம் திருத்திய தாளோடு மறுபடி போனோம். பகுதி மக்களோடு ஒட்டுதல் என்று கேட்டதும் இந்த முறை நேரம் எடுத்து மூன்று என்றார். கடைசிக் கேள்விக்கு, “இன்னும் இல்லைங்க. இவ பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சா அவ சொல்லுவா” என்றார்.

தனியாள், ஊர் என இரண்டு சொற்கள் எதற்கு, ஒன்றாக்கிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். பிரித்தே வைக்க வேண்டும். மேலே சொன்ன ஏழு கேள்வி அளவீட்டைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் 2001இலிருந்து நடந்துவரும் தொடர் ஆய்வில் தனியாள் மதிப்பெண் பல ஆண்டுகளாக 75ஐ ஒட்டியே நிற்கிறது. நாட்டு நிலைமையைப் பற்றிக் கேட்கும் மதிப்பெண்தான் அதைவிடத் தாழ்ந்து, அதிகமாக ஏறி இறங்குகிறது. அந்த அளவீட்டை வகுத்த உளவியலாளர் ராபர்ட் கம்மின்ஸ் இதை உடல் வெப்பத்தோடு ஒப்பிடுகிறார்: வெளியே வெயிலோ குளிரோ, உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்வது போல மனமும் தன் நிறைவைக் காத்துக்கொள்கிறது. ஆகவே தனியாள் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் நகர நிர்வாகம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடும். வீடுகள் வந்துவிட்டன, பேருந்து வரவில்லை, வகுப்பறையில் இடமில்லை என்பது ஊர் வாழ்நலத்தில்தான் முதலில் தெரியும்.

வளரும் நகரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் ஆய்வில் பதில் சொன்னவர்களும் ஐந்தாண்டு கழித்துச் சொல்பவர்களும் ஒரே கூட்டம் அல்ல. மதிப்பெண் இறங்கினால் வாழ்க்கை மோசமானதாலா, புதியவர்கள் நிறையப் பேர் வந்ததாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காக ‘குடியிருப்புக் காலம்’ என்பதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

‘ரெசிடெண்ட்’ என்பதற்குக் ‘குடியிருப்போர்’ என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். குடியிருப்போர் நலச் சங்கம் என்ற பழக்கத்தால் அது வீட்டுச் சொந்தக்காரர்களைக் குறிப்பதாகக் கேட்கிறது. வாடகைக்கு இருந்த ஒருவர் “எங்களையும் கேக்கறீங்களா?” என்றார். ‘குடிமக்கள்’ என்றால் குடியுரிமை இல்லாதவர் விலகிவிடுவார். ‘வசிப்போர்’ போதும்.

‘சேட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்பதற்குப் பட்டியலில் ‘நிறைவு’, வாசலில் ‘திருப்தி’. இதில் சண்டையில்லை. ஆனால் எண்களுக்கு நடுவே பெயர் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் முதல் வரைவில் 5க்கு நேரே ‘பரவாயில்லை’ என்று போட்டிருந்தோம். ஒரே நாளில் இரண்டு பேர் “பரவாயில்லைங்க” என்று சொன்னார்கள். எண்ணாகச் சொல்லுங்கள் என்றபோது ஒருவர் 8 என்றார், மற்றவர் 4. இருவரும் சொன்ன விதமும் ஒன்றேதான். இரண்டு முனைகளில் மட்டும் ‘கொஞ்சமும் திருப்தியில்லை’, ‘முழுத் திருப்தி’ என்று எழுதி நடுவை வெறுமையாக விட்டுவிட்டோம்.

‘டொமைன்’ (அளவீட்டில் தனித்தனியாகக் கேட்கப்படும் வாழ்க்கைப் பகுதி) என்பதற்கான சொல் இன்னும் முடிவாகவில்லை. மேலே நான் ‘களம்’ என்று எழுதியிருக்கிறேன், களப்பணி, களஆய்வு என்று பக்கத்திலேயே வருவதால் குழப்பம் நேர்கிறது. ‘கூறு’ சரியாகப்படுகிறது, வாழ்நலக் கூறுகள் ஏழு என்று சொல்லிப் பார்த்தேன், காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள், வெள்ளியன்று பட்டியலை அனுப்ப வேண்டும்.

அன்புடன்.