கண்மாய்க் கொள்ளளவு நிரலுக்கு வணிகத் தடையுடன் உரிமம் தருவது எப்படி?

வண்டியூரான்:
அனைவருக்கும் வணக்கம். வண்டல் படிந்ததால் ஒரு கண்மாயின் கொள்ளளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கிடும் நிரலை எங்கள் துறையில் எழுதி, 3 ஆண்டுகளாகத் திறந்த மூலமாக, அதாவது யாரும் மூலநிரலைப் பார்த்து மாற்றிப் பயன்படுத்தும்படி, வைத்திருக்கிறோம். ஓர் ஆலோசனை நிறுவனம் அதைக் கொண்டு கட்டணத்துக்கு அறிக்கை தயாரித்துக் கொடுப்பதும், அந்த அறிக்கையில் எங்கள் பெயரே இல்லாததும் சென்ற மாதம்தான் தெரியவந்தன. ஆய்வாளர்களும் விவசாயிகளும் பயன்படுத்தலாம், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமக் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அது செல்லுமா? வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

செல்லூர் நிரலர்:
எந்த உரிமத்தின் கடைசியில் சேர்த்தீர்கள்? நிரல் எந்த மொழியில் உள்ளது, பிறர் எழுதிய எந்த நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) இணைத்திருக்கிறீர்கள், எத்தனை பேர் எழுதினீர்கள்? ஜாதகத்தைக் காட்டாமல் பொருத்தம் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

தமுக்கம் தாத்தா:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? படைப்புகளைப் பகிர ஆயத்த உரிமங்கள் தரும் கிரியேட்டிவ் காமன்ஸில் வணிகமற்ற பயன்பாட்டுக்கென்றே ஓர் உரிமம் உண்டு. சித்திரைத் திருவிழாவில் நான் எடுக்கும் படங்களுக்கெல்லாம் அதைத்தான் போடுகிறேன். இதுவரை ஒரு தொல்லையும் வந்ததில்லை.

பழைய கை:
இந்தக் கேள்வி இங்கே வருவதும், படத்துக்குப் போடும் உரிமத்தை யாராவது நிரலுக்குப் பரிந்துரைப்பதும் வாடிக்கையாகிவிட்டன. மென்பொருளுக்குத் தங்கள் உரிமங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே சொல்கிறது. மூலநிரலை வழங்குவது பற்றி அவற்றில் ஒரு சொல்லும் கிடையாது. மேலும், எது திறந்த மூலம் என்று வரையறுக்கும் அமைப்பான, 1998இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவின் வரையறையில் 6ஆவது விதி, எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் உரிமம் தடுக்கக் கூடாது என்கிறது. வணிகமும் அதில் அடங்கும். தடை போட விரும்பினால் தாராளமாகப் போடுங்கள். அதன் பிறகு அதைத் திறந்த மூலம் என்று அழைக்காதீர்கள். கேள்வி கேட்பதற்கு முன் படிக்கும் பழக்கம் இருந்தால் இவ்வளவும் எழுத வேண்டியிருந்திருக்காது.

கண்மாய்க்கரை:
ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தைப் போடுங்கள். நிறுவனங்கள் அதைக் கண்டால் ஓடிவிடும். நான் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுகிறேன்.

செல்லூர் நிரலர்:
ஏஜிபிஎல் இங்கே எதைத் தடுக்கும் என்று சொல்லுங்கள். மாற்றிய நிரலை வலைப்பின்னல் வழியாகப் பிறர் பயன்படுத்தும்படி இயக்கினால், அவர்களுக்கு மூலநிரலைத் தர வேண்டும் என்பதே அதில் கூடுதலாக உள்ள கடமை. அந்த நிறுவனமோ தன் அறைக்குள் நிரலை ஓட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் அறிக்கையை மட்டும் கொடுக்கிறது. நிரல் யார் கைக்கும் போகவில்லை. வெளிவரும் எண்களையும் வரைபடங்களையும் பொதுவாக ஜிபிஎல் குடும்பத்து உரிமங்கள் (நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்பவை) கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே அவர்கள் எந்த விதியையும் மீறாமலே இருக்கக்கூடும்.

வண்டியூரான்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். உரிமம் ஜிபிஎல் 3. நிரல் சி மொழியில் உள்ளது. சமமட்டக் கோடுகளுக்கு இடையே பரப்பளவைக் கணிக்கும் இடைச்செருகலுக்கு ஜிஎஸ்எல் என்ற கணித நூலகத்தை இணைத்திருக்கிறோம். எழுதியவர்கள் நானும், வழிகாட்டியும், படிப்பை முடித்துப் போய்விட்ட இரண்டு முதுகலை மாணவர்களும்.

செல்லூர் நிரலர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஜிபிஎல் 3இன் 7ஆவது பிரிவின்படி, இப்படிக் கூடுதலாக ஒட்டப்பட்ட தடையைப் பெறுபவர் நீக்கிவிடலாம். ஆகவே உங்கள் வரியால் பயனில்லை. அதோடு ஜிஎஸ்எல் நூலகமும் ஜிபிஎல்தான். அதை இணைத்து வெளியிடும் வரை, முழு நிரலுக்கும் உங்கள் விருப்பப்படி தடை போட முடியாது. ஏற்கெனவே வெளியிட்ட பதிப்புகளைப் பெற்றவர்களிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியாது.

சட்டம் படிப்பவள்:
யார் உரிமையாளர் என்பதைத் தீர்க்காமல் உரிமத்தை மாற்றவே முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 17ஆவது பிரிவின்படி வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். உங்கள் வழிகாட்டி எழுதிய பகுதி கல்லூரிக்கு உரியதாக இருக்கலாம். மாணவர்கள் ஊழியர்கள் அல்லர் என்பதால் அவர்கள் எழுதியது பெரும்பாலும் அவர்களுடையதே. அவர்களிடம் எழுத்தில் உரிமை ஒப்படைப்பு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன சம்மதம் போதாது. காலத்தையும் இடத்தையும் அதில் குறிப்பிட மறக்க வேண்டாம். குறிப்பிடாவிட்டால், 19ஆவது பிரிவின்படி 5 ஆண்டுகளுக்கும் இந்தியாவுக்குள்ளும் மட்டுமே அது செல்லும் என்று கொள்ளப்படும்.

மேலூர் மடை:
எனக்கு வேறொரு ஐயம். வணிகம் என்று எதைச் சொல்கிறீர்கள், தம்பி? எங்கள் பாசனதாரர் சங்கம் கண்மாயைத் தூர்வார ஒரு பொறியாளருக்குக் கூலி கொடுத்து மதிப்பீடு கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் நிரலை ஓட்டிக் கணக்குத் தந்து கூலியும் வாங்கினால், அவரும் குற்றவாளியா?

பழைய கை:
பணம் கை மாறினால் வணிகம்தான். இதில் குழப்பமே இல்லை.

மேலூர் மடை:
அப்படியானால் வழிகாட்டி வாங்கும் சம்பளமும் வணிகம்தானே, ஐயா? மண்வெட்டி விற்பவர், கூலிக்கு வெட்டுபவர் வாங்கக் கூடாது என்று சொன்னால் கண்மாயை யார் தூர்வாருவது?

சட்டம் படிப்பவள்:
மென்பொருளுக்கென்றே எழுதப்பட்ட பாலிஃபார்ம் வணிகமற்ற உரிமம், கல்வி நிறுவனங்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும், பணம் எங்கிருந்து வந்தாலும், வெளிப்படையாக அனுமதி தருகிறது. ஆனால் சங்கத்துக்காகக் கூலிக்கு வேலை செய்யும் பொறியாளர் அதில் எந்தப் பக்கம் நிற்பார் என்பதற்கு வாதாட வேண்டியிருக்கும். அப்படி வாதாடும் வசதி அந்த நிறுவனத்துக்குத்தான் உண்டு, மேலூர்ப் பொறியாளருக்கு இல்லை.

செல்லூர் நிரலர்:
எஃப்எஃப்டிடபிள்யூ என்ற கணித நூலகம் செய்ததைப் பாருங்கள். எல்லோருக்கும் ஜிபிஎல், மூலநிரலைத் திறக்க விரும்பாத நிறுவனங்களுக்கு எம்ஐடி பல்கலைக்கழகம் தனி உரிமத்தை விற்கிறது. உங்களுக்கும் அந்த வழி உண்டு, ஆனால் முழு உரிமையும் ஒரே கையில் இருக்க வேண்டும், ஜிஎஸ்எல்-உம் இருக்கக் கூடாது. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: நிரலைத் தன் பொருளுக்குள் வைத்து விற்பவரிடம்தான் அதற்குக் காசு கேட்க முடியும், அறிக்கை மட்டும் விற்பவரிடம் முடியாது. உங்கள் உண்மையான மனக்குறை பெயர் விடுபட்டதுதான் என்றால், ஜேர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரில் ஒரு கட்டுரை வெளியிட்டு, அதை மேற்கோள் காட்டும்படி கேளுங்கள். வணிகத் தடை உள்ள நிரலை அந்த இதழ் ஏற்காது.

வண்டியூரான்:
மிக்க நன்றி. அந்த வரியை நீக்கிவிட்டேன். மாணவர்களில் ஒருவர் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார், மற்றவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஜிஎஸ்எல்-ஐ எடுத்துவிட்டு, வழிகாட்டி பழைய நாள்களில் எழுதி வைத்திருந்த இடைச்செருகல் பகுதியைப் பொருத்திவிட்டோம். விடைகள் அப்படியே பொருந்துகின்றன.

செல்லூர் நிரலர்:
புதிய கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் இருக்கும் இரண்டு செயற்கூறுகளின் பெயர்கள் ஸ்பிளைன், ஸ்பிளின்ட். இரண்டாவது பெயரை நியூமெரிக்கல் ரெசிப்பீஸ் என்ற கணக்கீட்டு நிரல் நூலில்தான் பார்த்திருக்கிறேன். அந்த நூலின் நிரல்களை மூலநிரலாக வெளியிட வாசகர்களுக்கு அனுமதி கிடையாது. வழிகாட்டி அதைத் தாமே எழுதினாரா, நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்தாரா?

வண்டியூரான்:
அவருடைய அலமாரியில் அந்த நூல் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.