ஜெனரிக்கும் ரிஃப்ளெக்ஷனும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

திருவொற்றியூர்க்காரன்:
எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கண்டெய்னர் கிடங்கு ஒன்றுக்கு ஜாவாவில் மென்பொருள் எழுதுகிறோம். வரும் ஜேசன் தகவலைப் படிக்க, புதிதாகச் சேர்ந்த தம்பி, ஜேசனைப் படிக்கும் ஜாவா நிரலகமான ஜாக்ஸனிடம் வெறும் லிஸ்ட்.கிளாஸ் கொடுத்திருந்தான். படிக்கும்போது சத்தமே இல்லை. எங்கோ தள்ளி, வாடகை கணக்கிடும் வரியில் வெடித்தது: உள்ளே என்ன வகை என்று தெரியாமல் ஜாக்ஸன் உருவாக்கிய லிங்க்டுஹாஷ்மேப்பைக் கண்டெய்னராக மாற்ற முடியாதாம். "அண்ணா, லிஸ்ட்<கண்டெய்னர்> என்றுதானே எழுதியிருக்கிறேன்?" என்றான், பாவம். அது கம்பைலரோடு சரி. 2004-இல் ஜாவா 5-இல் ஜெனரிக் (இப்படி உள்ளே இருப்பதன் வகையைக் கோண அடைப்பில் சொல்லும் வசதி) வந்தபோது, பழைய நிரல்களோடு ஒத்துப்போக டைப் இரேஷரை, அதாவது கம்பைல் ஆனதும் அந்த வகையை அழித்துவிடும் முறையை, தேர்ந்தெடுத்தார்கள். அதனால் அர்ரேலிஸ்ட்<ஸ்டிரிங்>, அர்ரேலிஸ்ட்<இன்டிஜர்> இரண்டிடமும் கெட்கிளாஸ் கேட்டால் ஒரே பதில்தான்.

இதை வைத்துக்கொண்டு 'ஜாவாவில் ரிஃப்ளெக்ஷனால் (இயங்கும்போதே நிரல் தன் வகுப்புகளை ஆராய்வது) ஜெனரிக்கை அறியவே முடியாது' என்று அடித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அழிவது பொருளில்தான். ஃபீல்டு, மெத்தட், தாய் வகுப்பு ஆகியவற்றின் அறிவிப்பில் எழுதியது கிளாஸ் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஃபீல்டிடம் கெட்ஜெனரிக்டைப் கேளுங்கள். கிடைக்கும் பாராமீட்டரைஸ்டுடைப்பில் கெட்ஆக்சுவல்டைப்ஆர்குமென்ட்ஸ் பாருங்கள். கண்டெய்னர் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஜாக்ஸனின் டைப்ரெஃபரன்ஸுக்குப் பின்னால் {} போடுவதும் இதற்காகத்தான். பெயரில்லாத ஒரு துணை வகுப்பு பிறக்கிறது, அதன் தாய் வகுப்பு அறிவிப்பில் வகை தங்கிவிடுகிறது.

பெரம்பூர்வாசி:
நான் சி ஷார்ப் ஆள். 2005-இல் வந்த டாட்நெட் 2.0 முதலே இயங்கும்போதும் வகை அழிவதில்லை. மேக்ஜெனரிக்டைப் கொடுத்து நாமே புது வகையைக் கட்டலாம். ஆனாலும் தலைவலி உண்டு. ஒரு வகுப்பு ஐஹேண்ட்லர்<ஆர்டர்> இன்டர்ஃபேஸைச் செயல்படுத்துகிறது. வகை நிரப்பாத டைப்ஆஃப்(ஐஹேண்ட்லர்<>)-இன் ஈஸ்அசைனபிள்ஃப்ரம்மிடம் அந்த வகுப்பைக் கொடுத்தால் 'இல்லை' என்று சாதிக்கும். கெட்இன்டர்ஃபேசஸ் வழியே ஒவ்வொன்றாகப் போய், ஈஸ்ஜெனரிக்டைப் பார்த்த பிறகே கெட்ஜெனரிக்டைப்டெஃபனிஷனை ஒப்பிட வேண்டும். அந்த முதல் சோதனையை விட்டால், ஜெனரிக் அல்லாத இன்டர்ஃபேஸ் வந்ததும் எக்செப்ஷன்.

ராயபுரம் வாசகி:
திருவொற்றியூர் அண்ணா, டைப்ரெஃபரன்ஸ்<லிஸ்ட்<டி>> என்று பொது மெத்தட் ஒன்று எழுதினேன். மறுபடியும் அதே லிங்க்டுஹாஷ்மேப்தான் வருகிறது.

திருவொற்றியூர்க்காரன்:
வரத்தான் செய்யும் அம்மா. அறிவிப்பில் இருப்பது டி என்ற எழுத்து மட்டுமே. யார் எதை நினைத்து அழைத்தார்கள் என்பது அங்கே இல்லை. மெத்தடுக்கு கிளாஸ்<டி> ஒன்றையும் அனுப்பி, ஜாக்ஸனின் டைப்ஃபேக்டரியில் உள்ள கன்ஸ்ட்ரக்ட்கலெக்ஷன்டைப்பில் அதைக் கொடுங்கள்.