டிஃபை, பிரேவ்: எந்த இடத்தில் எது?

கேள்வி (வெள்ளவத்தை)
வணக்கம். 2022 ஏப்ரலில் கொழும்பில் நடந்த போராட்டங்கள் பற்றிய தமிழ்க் கட்டுரையொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து வருகிறேன். அதில் ‘கொட்டும் மழையையும் ஊரடங்குச் சட்டத்தையும் பொருட்படுத்தாது மக்கள் திரண்டனர்’ என்றொரு வாக்கியம் உள்ளது. தமிழில் ஒரே வினை இரண்டையும் தாங்குகிறது. ஆங்கிலத்தில் டிஃபை (defy) என்ற வினையை இரண்டுக்கும் பொதுவாக இடலாமா, அல்லது பிரேவ் (brave) என்பதை வினையாக இடுவதா பொருத்தம்?

பதில் 1
ஊரடங்குக்கு டிஃபை, மழைக்குப் பிரேவ் என இரண்டு வினைகளாகப் பிரித்து எழுதுங்கள். ஊரடங்கு ஒரு கட்டளை. ‘வெளியே வராதே’ என்று அதிகாரமுள்ள ஒருவர் சொல்ல, அதற்குப் பணிய மறுப்பதே டிஃபை. மழை யாரையும் தடை செய்வதில்லை. நனைவோம், காய்ச்சல் வரும் என்று தெரிந்தும் ஒதுங்காமல் நிற்பது பிரேவ். முன்னதில் மறுப்பு முதன்மை, பின்னதில் துணிவோடு கூடிய சகிப்பு முதன்மை. டிஃபை என்பதன் வேரே, பழைய பிரெஞ்சில், கொடுத்த விசுவாசத்தைத் துறப்பதைக் குறித்தது என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் குறையும்.

கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் கண்ணீர்ப்புகைக்கு எது? புவியீர்ப்பும் யாருக்கும் உத்தரவிடுவதில்லையே. ஆனாலும் ஆங்கிலத்தில் ‘புவியீர்ப்பை டிஃபை செய்வது’ என்கிறார்களே, அதற்கு ஏன் டிஃபை வருகிறது?

பதில் 2
கண்ணீர்ப்புகைக்குப் பிரேவ்தான். அதை வீசுபவருக்கு அதிகாரம் இருக்கலாம். ஆனால் மக்கள் தாங்கி நின்றது புகையை. வீசியவரின் உத்தரவைச் சொல்ல வந்தால் டிஃபை என்று எழுதலாம். புவியீர்ப்பை நாம் ‘விதி’ என்றே சொல்லிப் பழகியதைப் போல, ஆங்கிலமும் அதைப் பணிய வேண்டிய சட்டமாகவே பாவிக்கிறது. ‘வருணனைக்கு அடங்காத அழகு’ என்று நாம் எழுதும் இடத்திலும் ஆங்கிலத்தார் டிஃபை என்றே எழுதுவர். அங்கே ஆபத்தென்று எதுவுமே இல்லை, அடங்காமை மட்டுமே உண்டு. முந்தைய பதிலுடன் ஒரு சிறு வேறுபாடு எனக்கு உண்டு: மழையை ஓர் எதிரியாக உருவகித்து டிஃபை என்று எழுதும் ஆங்கிலேயரும் இருக்கிறார்கள், ஆகவே அதை இலக்கணப் பிழை என்று அடித்துவிட முடியாது. செய்திக் கட்டுரைக்கு அந்த மிகை தேவையில்லை என்பதே என் எண்ணம்.

கேட்டவர்
தெளிவாயிற்று. வாக்கியத்தை இரண்டு வினைகளாகவே பிரித்து எழுதுகிறேன்; ஊரடங்கை முன்னே வைத்து, மழையைப் பின்னே தள்ளுகிறேன்.