பேரலையை ஹொகுசாய் செதுக்கவில்லை, படக்குறிப்பை மாற்றுங்கள்

கத்திமுனை: ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் "கனகாவாப் பேரலை" என்ற மரப்பலகை அச்சுப் படத்தைப் போட்டு, "ஹொகுசாய் தம் கையாலேயே செதுக்கி அச்சிட்டது" என்று நீலவண்ணன் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஹொகுசாய் செதுக்கவில்லை! மெல்லிய தாளில் வரைந்து கொடுத்தார், அவ்வளவுதான். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டின் இரு பக்கமும் வெட்டி எடுத்தார். மூலப்படம் அதோடு அழிந்துவிடும். அச்சடித்தவர் வேறொருவர். முதல் போட்டது பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி.

நீலவண்ணன்: பாடம் நடத்தியதற்கு நன்றி, வாத்தியாரே. பதின்ம வயதில் ஹொகுசாய் செதுக்குத் தொழில் கற்றவர் என்பதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

கத்திமுனை: கற்றார், சரி. 1778 வாக்கில் அதை விட்டுவிட்டு கட்சுகாவா ஷுன்ஷோவிடம் ஓவியம் படிக்கப் போய்விட்டார். பேரலை வந்தது 1831 வாக்கில். இடையில் ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. படத்தின் இடது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஹொகுசாய் என்ற பெயரை ஈட்சு என்று மாற்றிக்கொண்டவரின் "தூரிகை" என்றுதான் கையெழுத்தே இருக்கிறது. கத்தி என்று இல்லை.

வெண்பாக்காரி: 1904இல் யமமோட்டோ கனாயே "மீனவர்" படத்தைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சடித்தாரே. அவரும் ஜப்பானியர்தானே?

கத்திமுனை: அம்மா, அது அப்போது புதுமை என்பதால்தான் இன்றும் பேசுகிறோம். ஹொகுசாய் வாழ்ந்த எடோ காலத்துப் பட்டறையில் அந்த வழக்கம் கிடையாது.

நீலவண்ணன்: சரி, பேரலையைச் செதுக்கியவர் பெயரைச் சொல்லுங்கள். தெரியாதல்லவா? அப்புறம் எப்படி ஹொகுசாய் இல்லை என்று அடித்துச் சொல்கிறீர்கள்?

கத்திமுனை: படத்தில் பெயர் போடவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சலே. ஆனால் 1834இல் வெளியான "புஜி மலையின் நூறு காட்சிகள்" நூலில் எகாவா டோமெகிச்சி என்ற செதுக்குநரின் பெயர் அச்சாகியிருக்கிறது. அவரையே அமர்த்துங்கள், மற்றவர்கள் செதுக்கினால் நான் வரையும் மூக்குகள் உதகாவா மரபு ஓவியர்களின் பாணி மூக்குகளாகிவிடுகின்றன என்று ஹொகுசாய் பதிப்பாளருக்குக் கடிதமே எழுதினார். தானே செதுக்குகிறவருக்கு அந்தக் கடிதம் எதற்கு?

பழம்புலி: மூக்கை விடுங்கள். போன மாதம் பேரலைப் படத்தின் நீலம் முழுக்க அவுரி என்று சாதித்தவர் இதே நீலவண்ணன்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த பிரஷ்ய நீலம் என்றதற்கு என்னை "கூகுள் பண்டிதர்" என்றார். நான் மறக்கவில்லை.

நீலவண்ணன்: அவுரியும் கலந்திருக்கிறது ஐயா. நான் சொன்னதில் பாதி சரி. அப்புறம், பெயர் ஹோகுசாய். நெடில். முதலில் அதைத் திருத்துங்கள்.

வெண்பாக்காரி: ஜப்பானிய உச்சரிப்பில் அது குறில்தான்.

கத்திமுனை: குறிலோ நெடிலோ, அவர் செதுக்கவில்லை. அலையின் நுனியில் நகம் போல வளைந்த நுரை இருக்கிறதே, அதில் ஒன்றை வேப்பம்பலகையில் செதுக்கிப் பார்த்தேன். மூன்றாவது வளைவில் கோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அதைப் பிசகாமல் வெட்டிய மனிதரின் உழைப்பை ஒரே வரியில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள்.

நீலவண்ணன்: உங்கள் வேப்பம்பலகை உடைந்ததற்கு ஹொகுசாய் பொறுப்பல்ல. குறிப்பு அப்படியேதான் இருக்கும்.

பழம்புலி: அவுரிக்குப் பதில் வரவில்லை.

கத்திமுனை: இருக்கட்டும். அந்தப் படத்தை நீங்கள் எங்கே போட்டாலும் கீழே வந்து எழுதுவேன்: ஹொகுசாய் செதுக்கவில்லை.