கண்ணாடியில் துருநிறப் புள்ளிகள், பாறையில் மயிர்ப்புழு: மருந்து ஊற்றலாமா?

தெப்பக்குளம் தொட்டிக்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். 200 லிட்டர் உப்புத் தண்ணீர்த் தொட்டி, ஓடத் தொடங்கி 14 மாதம். உப்பு (அடர்த்திமானி காட்டும் எண்) 1.025, சூடு 26 டிகிரி. ரெண்டு கோமாளி மீன், கொஞ்சம் சோவாந்தஸ் (பாறையில் கூட்டமாக ஒட்டி வளரும், பவளத்தின் உறவு), காளான் பவளம். மூன்று வாரம் முன்பு ஒரு சோவாந்தஸ் துண்டு வாங்கி, டிப் எதுவும் பண்ணாமல் (பூச்சி போக மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்காமல்) அப்படியே உள்ளே வைத்தேன். இப்போது கண்ணாடியெல்லாம் துருநிறப் புள்ளி. பாசி என்று துடைக்கப் போனால், பக்கத்தில் இருந்த புள்ளிகள் மெதுவாக நழுவுகின்றன! நேற்று ராத்திரி டார்ச் அடித்தபோது பாறை இடுக்கிலிருந்து விரல் நீளத்தில் மயிர் முளைத்த புழு ஒன்றும் எட்டிப் பார்த்தது. ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து லெவமிசோல் இருக்கிறது, ஊற்றிவிடட்டுமா? வீட்டில் தொட்டியையே தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

பழைய உப்பு:
தம்பி, மருந்தைக் கீழே வைங்க. ரெண்டும் வேறு வேறு புழு. லென்ஸ் வைத்துப் பாருங்க, புள்ளியின் பின்பக்கம் மூன்று முனையாகப் பிரிந்திருக்கிறதா?

தெப்பக்குளம் தொட்டிக்காரன்:
ஆமாண்ணே, மூன்று முனை. லைட் விழும் பக்கத்தில்தான் கூட்டம்.

பழைய உப்பு:
அப்போ தட்டைப்புழுதான். உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பிழைக்கிற ஜாதி. பவளத்தைக் கடித்துத் தின்னாது, மேலே அப்பிக்கொண்டு வெளிச்சத்தை மறைக்கும். ஆபத்து அது சாகும்போதுதான். கூட்டமாகச் செத்தால் விஷம் கக்கும். நான் ஒருமுறை அவசரப்பட்டு மருந்து ஊற்றி, விடிவதற்குள் ரெண்டு மீனைப் பறிகொடுத்தேன்.

முதலில் எண்ணிக்கையைக் குறைங்க. ஏர் பம்ப் டியூபின் ஒரு முனையைப் புழுவுக்கு நேராகப் பிடித்து, மறுமுனையை வாளிக்குள் விட்டு உறிஞ்சுங்க. லைட் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, எல்லாம் கண்ணாடிக்கு வந்த பிறகு. தினமும். தீனியைப் பாதியாக்குங்க. கண்ணில் படுவது அரிதான பிறகு, ரீஃப் (பவளம் வளர்க்கும்) தொட்டிக்கென்றே விற்கும் தட்டைப்புழு மருந்தை அதில் போட்டிருக்கும் அளவுப்படி விடுங்க. ஆட்டு மருந்தை லிட்டருக்கு எவ்வளவு என்று குத்துமதிப்பாகக் கலக்க வேண்டாம். மருந்து விடும்போது ஃபில்டரில் உள்ள கார்பனை (கரியை) எடுத்துவிடுங்க, அது மருந்தை உறிஞ்சிவிடும். புழு சாக ஆரம்பித்ததும் செத்ததை உறிஞ்சி, புதுக் கார்பன் போட்டு, தண்ணீரில் கால் பங்கு மாற்றணும். அதற்கான உப்புத் தண்ணீரை முந்தின நாளே கலந்து வைங்க.

மயிர்ப்புழு தோட்டி மாதிரி, மிச்சத் தீனியைத் தின்னும். விட்டுவிடுங்க. வெறுங்கையால் மட்டும் தொடாதீங்க. மயிர் குத்தினால் செலோடேப் ஒட்டி உரித்து எடுக்கணும்.

வைகைக்கரை:
இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கும் நாளில் மருந்து வைக்காதீங்க. சித்திரை வெயிலில் பம்ப் நின்றால் தண்ணீரில் காற்றும் குறையும், விஷமும் சேரும். ஆறுகோட்டு ராஸ் மீன் இந்தப் புழுவைத் தின்னும் என்பார்கள். எனக்கு வாய்த்தது புழுவை விட்டுவிட்டுக் கோமாளியைத்தான் துரத்தியது. புதுப் பாறை வேண்டும் என்று ராமேஸ்வரம் அருகே மண்டபம் கடற்கரைப் பக்கம் போய்ப் பவளத்தில் கை வைத்துவிடாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீங்க.

தெப்பக்குளம் தொட்டிக்காரன்:
ஆறு நாள் ஆச்சு. முதல் நாள் வாளித் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டினேன், துணி குங்குமம் கொட்டினாற்போல் ஆனது. இன்று தேடித்தேடி ஒன்பதுதான். வெள்ளிக்கிழமை எங்கள் பகுதியில் மின்தடையாம், அதனால் ஞாயிறு மருந்து. மயிர்ப்புழு அங்கேயேதான் இருக்கிறது. வீட்டில் மட்டும் இன்னும் சொல்லவில்லை.