அம்மா அப்பாவோட பால்டிமோர் போறோம், வெஸ்ட் கார்க் பக்கம்: ரெண்டு நாள் போதுமா?

மழைக்குடை:
வணக்கம் மக்களே. டப்ளின்ல இருக்கேன். அம்மா அப்பா வந்திருக்காங்க, ஜூன் கடைசில ஒரு வீக்கெண்ட் கடல் பக்கமா சின்ன ஊர் ஒண்ணுக்கு கூட்டிட்டு போலாம்னு பிளான். போன மாசம் கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர் போனோம், அன்னைக்குன்னு பாத்து ஒரே பனிமூட்டம், மலை எது கடல் எதுன்னே தெரியல, அப்பா "துவைச்சு காயப்போட்ட வேட்டிய பாக்க டிக்கெட்டா"ன்னு கேட்டுட்டார். ஆபீஸ்ல ஒரு ஐரிஷ் பொண்ணுதான் பால்டிமோர் போன்னு சொன்னா. மேப்ல பாத்தா கார்க்கையும் தாண்டி அயர்லாந்தோட தென்மேற்கு மூலைல இருக்கு.

அம்மாவுக்கு முட்டி வலி, ஏத்தம்னா ஆகாது. அப்பாவுக்கு வரலாறுன்னா சோறு தண்ணி வேணாம். ரெண்டு பேரும் சைவம். ஷெர்கின் தீவு, கேப் கிளியர் தீவு, திமிங்கலம் காட்டுற போட், இதுல எத பிடிக்கிறது எத விடுறது? அப்புறம் அமெரிக்கால இருக்கிற பால்டிமோர் இந்த ஊர் பேர்ல வந்ததான்னு அப்பா காலைல இருந்து கேட்டுட்டு இருக்கார், தெரிஞ்சவங்க சொல்லி என்னை காப்பாத்துங்க.

லீவாசி:
நான் கார்க்ல எட்டு வருஷமா இருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அங்க போயிடுவேன். முதல்ல ரோடு. கார்க்ல இருந்து என்71 பிடிச்சு பேண்டன், கிளோனகில்டி, ராஸ்கார்பெரி வழியா ஸ்கிபரீன், அங்கிருந்து ஆர்595. ரெண்டு மணி நேரம் வைங்க, டிராக்டர் பின்னாடி மாட்டினா அது தனி. டப்ளின்ல இருந்து நேரா ஓட்டிட்டு வராதீங்க, பெரியவங்க இடுப்பு போயிடும், கார்க் வரைக்கும் டிரெயின்ல வந்துட்டு இங்க வண்டி எடுங்க. ஆட்டோமேட்டிக் வேணும்னா இப்பவே புக் பண்ணுங்க, ஜூன்ல கிடைக்கிறது குதிரைக் கொம்பு.

அம்மாவுக்கு ஷெர்கின்தான் சரி. போட்ல பத்து பதினஞ்சு நிமிஷம், இறங்கினதும் பக்கத்துலயே 15ஆம் நூற்றாண்டு பிரான்சிஸ்கன் மடாலயம் இடிஞ்சும் இடியாமலும் நிக்குது, அப்பாவுக்கும் ஆச்சு. கேப் கிளியர் அழகுதான், இன்னும் ஐரிஷ் பேசுற தீவு, ஆனா துறைல இறங்கின உடனே செங்குத்தா ஏறணும், முட்டி வலியோட வேண்டவே வேண்டாம். ஒண்ணு கவனிங்க, துறை படிக்கட்டு தண்ணி இறங்கற நேரத்துல பாசி பிடிச்சு வழுக்கும். போட்காரங்க கைய பிடிச்சு ஏத்தி விடுவாங்க, ஆனா செருப்பு வேணாம், ஷூ போட்டு விடுங்க.

திமிங்கல போட்டுக்கு டால்பின் மட்டும் நம்பி போங்க. மிங்கி திமிங்கலம் அந்த சீசன்ல வரும், ஆனா நாம போற அன்னைக்கு வரணுமே.

கோட்டைக்கிறுக்கன்:
அப்பா கேள்வி எனக்கு விடுங்க 😀 அமெரிக்கா பால்டிமோர் இந்த ஊர் பேர் இல்ல. அந்த ஊர் இருக்கிற மேரிலாண்ட காலனியாக்கின கால்வெர்ட் குடும்பத்துக்கு லார்ட் பால்டிமோர்னு பட்டம், ஊர் பேர் அதுல இருந்துதான், அந்த பட்டம் வந்தது லாங்ஃபோர்டு கவுண்டில இருக்கிற வேற ஒரு பால்டிமோர்ல இருந்து. லாங்ஃபோர்டுக்கு கடலே கிடையாது, அதுதான் தமாஷ்.

ஆனா கார்க் பால்டிமோருக்கு இத விட பெரிய கதை இருக்கு. 1631 ஜூன் 20, விடியறதுக்கு முன்னாடி, அல்ஜியர்ஸ்ல இருந்து வந்த கடற்கொள்ளைக்காரங்க ஊருக்குள்ள புகுந்து நூறு பேருக்கு மேல, கைக்குழந்தை உட்பட, பிடிச்சுட்டு போய் அடிமையா வித்துட்டாங்க. தலைவன் பேர் முராத் ரைஸ், ஆள் உண்மைல டச்சுக்காரன், யான் யான்சூன். பிடிபட்டவங்கள்ல பெரும்பாலானவங்க அங்க மீன் தொழில் பண்ண குடியேறின இங்கிலீஷ்காரங்க. டங்கார்வன் மீனவர் ஹாக்கெட்னு ஒருத்தர் கொள்ளைக்காரங்க கைல சிக்கி, கின்சேல் துறைமுகம் வேண்டாம்னு சொல்லி கப்பல இங்க திருப்பி விட்டார்னு பேச்சு, அவர அப்புறம் தூக்குல போட்டாங்க. திரும்பி வந்தது ரெண்டு மூணு பேர்தான். மிஞ்சினவங்கள்ல நிறைய பேர் பயந்து உள்நாட்டுப் பக்கம் ஸ்கிபரீனுக்கு போயிட்டாங்க. ஊர்ல ஒரு பப்புக்கே அல்ஜியர்ஸ்னுதான் பேர், பட்ட வலிய போர்டுல எழுதி மாட்டிட்டாங்க.

ஹார்பர் மேல நிக்கிற கோட்டை டூன் ந ஷேட், ஓ'டிரிஸ்கால் குலத்தோடது, இப்ப புதுப்பிச்சு வச்சிருக்காங்க. திறந்திருக்கான்னு கேட்டுட்டு போங்க. திரும்பி வரப்ப ஸ்கிபரீன்ல பஞ்ச நினைவு மையம் பாருங்க, பக்கத்து அபிஸ்ட்ரூரி கல்லறைல மட்டும் 1840கள் பஞ்சத்துல செத்த 8,000ல இருந்து 10,000 பேர் வரைக்கும் ஒரே குழில புதைஞ்சிருக்காங்க. மேல வெறும் புல்தான். நான் அங்க அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கல, முடியல.

சைவப்பூனை:
நான் சொன்னா அடிக்க வராதீங்க, வயசானவங்களுக்கு கின்சேல் பெட்டர். கார்க்ல இருந்து அரை மணி நேரம், சார்ல்ஸ் ஃபோர்ட் இருக்கு, சாப்பாட்டுக்கு பத்து கடை இருக்கு. பால்டிமோர்ல சைவம்னா சிப்ஸ், சூப், பிரவுன் பிரெட், முடிஞ்சது. பி அண்ட் பி (காலை சாப்பாட்டோட ரூம் விடுற வீடு) காலை சாப்பாட்டுல கருப்பா வட்டமா ஒண்ணு வரும், தொடாதீங்க, பன்னி ரத்தம்.

லீவாசி:
கின்சேல் நல்ல ஊர்தான், இல்லைங்கல. ஆனா ஜூன் சனிக்கிழமை அங்க கார் நிறுத்தறதுக்குள்ள அப்பா தூங்கிடுவார். ஸ்கிபரீன் சூப்பர்மார்க்கெட்ல தயிர், பழம், பிரெட் வாங்கி வச்சுக்கோங்க, கிச்சன் இருக்கிற ரூமா எடுங்க, வேலை முடிஞ்சது. ஊருக்கு வெளிய பீக்கன் மறக்காதீங்க, கப்பலுக்கு அடையாளமா கட்டின வெள்ளைக் கூம்பு, பைபிள் கதைல உப்புத் தூணா மாறின லாட்டோட மனைவி மாதிரி நிக்கறதால அதே பேர்தான் செல்லப் பேர். வேலி கிடையாது, காத்து தள்ளும், ஓரத்துக்கு விடாதீங்க.

மழைக்குடை:
போயிட்டு வந்துட்டோம், எல்லாருக்கும் நன்றி, கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க.

சனிக்கிழமை ஷெர்கின் அருமை. படிக்கட்டுல போட்காரர் அம்மா முழங்கைய பிடிச்சு "டேக் யுவர் டைம்"னு நிதானமா இறக்கி விட்டார், எங்களுக்கு பின்னாடி இருபது பேர் நிக்கறாங்க, ஒருத்தர் கூட உச்சு கொட்டல. மடாலயத்துல மேற்கூரை இல்லாத நடுக்கூடத்துல அம்மா உக்காந்துட்டாங்க, எழுந்திருக்க மனசே இல்ல. 1537ல வாட்டர்ஃபோர்டுக்காரங்க வந்து இத எரிச்ச கதைய அப்பா அங்க வச்சு படிச்சுட்டு, எதுக்குன்னா ஓ'டிரிஸ்கால் ஆளுங்க வாட்டர்ஃபோர்டுக்காரங்களோட ஒயின் கப்பல பிடிச்சாங்களாம், "அப்ப இவங்க மட்டும் யோக்கியமா"ன்னு ஒரே சிரிப்பு.

ஞாயிறு திமிங்கல போட் கேன்சல், வெளிய அலை அதிகமாம். காசு திருப்பிட்டாங்க. எனக்கு செம கடுப்பு, டப்ளின்ல இருந்து இதுக்கா வந்தோம்னு. வேற வழியில்லாம துறைக்கு மேல இருக்கிற பெஞ்ச்ல டீ வாங்கிட்டு உக்காந்தோம். கீழ பொடிப்பசங்க சின்னச் சின்ன பாய்மர போட்ல கவுந்து கவுந்து கத்துக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு பக்கத்து டேபிள்ல இருந்த ஆள் இடுப்புல பேஜர் அலறுச்சு, சாண்ட்விச்ச பாதில விட்டுட்டு ஓடினார், கொஞ்ச நேரத்துல லைஃப்போட் (கடல்ல சிக்கினவங்கள மீட்கிற படகு) ஹார்பர கிழிச்சுட்டு வெளிய போச்சு. எல்லாம் ஊர்க்காரங்க, சம்பளமில்லா வேலைன்னு கடைக்காரம்மா சொன்னாங்க. 1979 ஃபாஸ்ட்நெட் படகுப் போட்டில புயல் அடிச்சு 15 போட்டியாளர்கள் செத்தப்பவும் இதே ஊர் லைஃப்போட் போச்சாம். அப்பா அதுக்கப்புறம் கொள்ளைக்காரங்கள பத்தி பேசவே இல்ல, போட் திரும்பி வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னுட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பின்னாடி ஒரு சின்ன பாய்மரப் படக கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க, அதுல ரெண்டு பேர் நல்லாத்தான் உக்காந்திருந்தாங்க. அந்த ஆள் அதுக்கப்புறம் அரை மணி நேரத்துல வந்து அதே சேர்ல உக்காந்தார், கடைக்காரம்மா அவர் தட்ட எடுக்காம மேல ஒரு பேப்பர் நாப்கின் போட்டு மூடி வச்சிருந்தாங்க.

பீக்கன்ல அப்பா தொப்பி கடலுக்கு போயிடுச்சு, லீவாசி சொன்னப்பவே கேட்டிருக்கணும். @சைவப்பூனை அந்த கருப்பு வட்டம் வந்துச்சு, தப்பிச்சோம் 🙏