தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா: அன்றாட வேலைகளுக்கு எப்படிப் பழக்கினீர்கள்?

தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய். ஒலான்சபின் மாத்திரையில் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் குளிப்பதில்லை, பேச்சும் ஒற்றை வார்த்தைதான், நாள் முழுக்கக் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறான். "சோம்பேறி" என்கிறார் அப்பா. ஆர்வம் வற்றிப்போவதும் இந்த நோயின் அறிகுறிதான், மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. (மந்திரிக்கச் சொல்லும் சித்தப்பா தனிக்கதை.)

வீட்டில் இப்படி ஒருவர் இருப்பவர்கள் சொல்லுங்களேன். திட்டாமல் குளிக்க வைத்தது எப்படி? மாத்திரையால் பசி கூடி எடை ஏறுகிறதே, சாப்பாட்டில் என்ன மாற்றினீர்கள்? சென்னையில் ஸ்கார்ஃப் (மனநலத் தொண்டு நிறுவனம்) போன்ற இடங்களுக்குப் பகல்நேரப் பயிற்சிக்கு யாராவது அனுப்பியிருக்கிறீர்களா? போக மறுத்தால் என்ன செய்தீர்கள்? அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டாமே, மதிப்பீட்டில் என்னவெல்லாம் கேட்பார்கள்?

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.